ஒற்றைக் கம்பியில் எரிந்த விளக்கு

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது இரண்டே இரண்டு பல்புகள்தான் போட்டோம். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. கிணற்றடியை ஒட்டியிருந்த பின்னறைக்கும் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நெல் மூட்டைக்கும் வறட்டிக்கும் விளக்கு எதற்கு என்று நானே சொன்னதாக ஞாபகம். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெறுவதும் அதே அறையில்தான். காற்றுப் படக்கூடாது என்று அதற்கு ஜன்னலே வைக்கவில்லை. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் அங்கே கை எது கால் எது என்று தெரியாது.

என் தங்கையின் முதல் பிரசவம் அந்த அறையில் நடந்தது. சிம்னி விளக்கு ஒன்று, அதுவும் புகையடித்துக்கொண்டு. குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததை மருத்துவச்சி கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது. "வெளிச்சம் இருந்தா ஒரு பார்வை பாத்திருப்பேன்" என்று அந்த அம்மாள் கூடத்துக்கு வந்து, மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்துச் சொன்னாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது.

இரண்டாவது முறை தங்கை பூந்தமல்லியிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது ஏழு மாதம் முடிந்திருந்தது. அம்மா பின்னறையைக் கூட்டிப் பாயை விரித்தாள். தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"இங்க ரொம்ப இருட்டா கீதேண்ணா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருட்டா இருந்தா இன்னா, லைட்டு போட்டாப் போச்சு" என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். என் மனைவிக்கு அது தெரியும். என் குரலின் உயரத்தை வைத்தே எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று அளந்துவிடுவாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும் பாதிப் பாட்டில்தான். ஒயர்மேன் என்ற ஜாதியே ஊரில் இல்லாமல் போயிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தச்சன், கொத்தன், ஒயர்மேன் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். எங்கள் கூடத்துக்குக் கம்பி இழுத்தவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். அவரைத் தேடி இரண்டு தடவை சைக்கிளில் போனேன். முதல் தடவை வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை அவர் வேலை செய்யும் இடத்துக்கே போனேன், சிப்பாய் கேட்டிலேயே திருப்பி அனுப்பினான். சொல்லி அனுப்பியதற்கு, "இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும், அதுவரைக்கும் யாரும் கை வெக்காதீங்க" என்று பதில் வந்தது.

அத்தனை நாள் யார் காத்திருப்பது? பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டா இருக்கும்?

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு அதிலிருந்துதான் முளைத்தது. நான் ரயில்வே ஸ்டேஷனில் தந்தி அடிக்கிறவன். கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி, மேஜைமேல் தந்திச் சாவி, அதிலிருந்து ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பிதான் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும். திரும்பி வருவதற்கு இன்னொரு கம்பி கிடையாது. இரண்டு பக்கமும் பூமியில் ஒரு தகட்டைப் புதைத்து அதில் இணைத்துவிடுவார்கள். மின்சாரம் பூமி வழியாகவே திரும்பி வந்துவிடும். அந்தப் பூமிக் கம்பியை எத்தனையோ தடவை வெறுங்கையால் தொட்டுத் துடைத்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை. ஆகவே மின்சாரம் என்பது நம் வீட்டுப் பசு, நமக்குப் பழகியது என்று ஓர் எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

கூடத்துக்கு இழுத்தபோது மிஞ்சிய கம்பி ஒரு சுருள் பரணில் கிடந்தது. அளந்து பார்த்தேன். கூடத்து சுவிட்சுப் பலகையிலிருந்து பின்னறைவரை ஒற்றையாகப் போனால் எட்டி, ஒரு துண்டு மிஞ்சும். வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பி வேண்டும், ஒன்று கொண்டுவர, ஒன்று திரும்பிப் போக. இரட்டையாகப் போட்டால் சமையலறை வாசலோடு நின்றுவிடும். பட்டணம் முழுக்கத் தேடினாலும் புதுக் கம்பி கிடைக்காத சமயம் அது.

கையில் கம்பியோடு கொஞ்ச நேரம் நின்றேன். தந்திக்கு ஒன்று போதும் என்றால் பல்புக்கு ஏன் போதாது?

என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒயர்மேன் கை வெக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிச்சாரு இல்ல?" என்றாள்.

"அவரு சொன்னது தெரியாதவங்களுக்கு. எனுக்குத் தெரியாதா? தெனமும் இதுங்கூடத்தானே குடித்தனம் பண்றேன்?"

"உங்களுக்குத் தெரியும்னா இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க?"

மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

பின்னறையின் மூலையில் தண்ணீர் வெளியே போக ஒரு தூம்பு உண்டு. அதன் வாயருகே, கொல்லைப் பக்கம், எங்கள் பழைய கடப்பாரையை நட்டு, சம்மட்டியால் அடித்து இரண்டடி இறக்கினேன். பல்பு ஹோல்டரின் ஒரு முனையில் கூடத்துக் கம்பி. இன்னொரு முனையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியைத் தூம்பு வழியாக வெளியே விட்டுக் கடப்பாரையில் சுற்றினேன். பலகையில் இருந்த இரண்டு கம்பிகளில் எதிலிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. ஒன்றில் இணைத்து மெயினைப் போட்டேன், எரியவில்லை. மறுபடி அணைத்து, இன்னொன்றுக்கு மாற்றினேன். எரிந்தது.

அந்த அறை பிறந்ததிலிருந்து அப்படி வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. சுவரில் இருந்த பல்லிகூடத் திகைத்துப்போய் நின்றது. தங்கை வந்து எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை உள்ளே வந்தாள். பாயில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ அரித்தது. யாரும் இல்லாதபோது போய்க் கடப்பாரையை விரலால் தொட்டேன். ஒன்றுமில்லை. முழுக்கையால் பிடித்தேன். வெறும் இரும்பு. நான் செய்தது சரிதான் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

அம்மாவுக்கு அந்தக் கடப்பாரையை என்னைவிடப் பிடித்துவிட்டது. பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். காத்து கருப்பு அண்டாது என்பார்கள். "நல்ல எடமாப் பாத்து நட்ட நைனா" என்றாள். அதோடு நிற்காமல் ஒரு வேலையும் வைத்தாள். தீட்டுத் துணிகளை வீட்டுத் துணிகளோடு ஒரே கொடியில் காயப்போடக் கூடாது. அதற்குத் தனிக்கொடி வேண்டும். கடப்பாரை மார்பளவுக்கு நிற்கிறது, எதிரே முருங்கை மரம் நிற்கிறது, நடுவில் ஒரு கம்பியைக் கட்டிவிட்டால் ஆயிற்று. வேலிக்கு வாங்கிய இரும்புக் கம்பி கொஞ்சம் இருந்தது. இழுத்துக் கட்டினேன். நானேதான் கட்டினேன். யார்மேலும் பழி போட வழியில்லை.

குழந்தை ஒரு மத்தியானம் பிறந்தது. நான் கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கதவிடுக்கில் வெளிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிட பல்பு நின்றுவிடக்கூடாதே என்ற கவலைதான் எனக்கு. உள்ளே மருத்துவச்சி "கொடி சுத்திக்கினு கீது, அசையாதே" என்று சொல்வது கேட்டது. என் கால் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் குழந்தை அழுதது.

வெளியே வந்த மருத்துவச்சி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கண்ணுக்கு நேரா தெரிஞ்சிது. எடுத்துவுட்டுட்டேன்" என்றாள். ஆண் குழந்தை. என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுதான் சரி" என்று அவள் சொன்னது எனக்கு அந்த வருஷத்திலேயே கிடைத்த பெரிய மரியாதை. ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஸ்டேஷனில்கூடச் சொன்னேன்.

தீட்டுக் கழியும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த அறை மூலையிலேயே வெந்நீர் ஊற்றினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் தூம்பு வழியாக வெளியே வந்து கடப்பாரையின் காலடியில் ஊறியது. விளக்கு ஜொலித்தது. பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, வீட்டைக் கழுவி, தாயையும் பிள்ளையையும் மற்றவர்களோடு சேர்த்துக்கொண்டோம். மறுநாளிலிருந்து குளியல் சமையலறைப் பக்கத்து முற்றத்துக்கு மாறியது. படுக்கை மட்டும் பின்னறையிலேயே இருந்தது.

பங்குனி வெயில். நாலைந்து நாளில் விளக்கு மங்க ஆரம்பித்தது.

முதலில் பல்பு பழசாகிவிட்டது என்று நினைத்தேன். கூடத்துப் பல்பைக் கழற்றி அங்கே மாட்டிப் பார்த்தேன். அதுவும் அங்கே மங்கலாகத்தான் எரிந்தது. பின்னறைப் பல்பு கூடத்தில் பளிச்சென்று எரிந்தது. கொல்லையில் போய்ப் பார்த்தேன். தூம்படி மண் காய்ந்து வெடித்திருந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. தந்தி ஆபீசிலும் கோடையில் பூமித் தகட்டுக்குத் தண்ணீர் விடுவதுண்டு. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். விளக்கு நிமிர்ந்தது. மறுநாள் மறுபடி மங்கியது. மறுபடி ஊற்றினேன். செடிக்கு ஊற்றுகிறவனைப்போல விளக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒரே ஆள் அம்பத்தூரில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

சிரிக்கிற விஷயமாக எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் தந்திச் சாவியில் கை இருக்கும், மனசு தூம்படியில் இருக்கும். எதுவோ சரியில்லை. எது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

ஸ்டேஷன் வேலையில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் செம்போடு போனேன். குனிந்து ஊற்றும்போது பித்தளைச் செம்பின் விளிம்பு கடப்பாரையில் பட்டது. முழங்கைவரை சுள்ளென்று ஏறியது. செம்பு கீழே விழுந்து உருண்டது.

யாரும் பார்க்கவில்லை. நான் சுற்றிப் பார்த்ததே அதற்காகத்தான், யாராவது பார்த்தார்களா என்று.

அப்போதே மெயினை அணைத்திருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு ஓடியிருக்க வேண்டும். அந்தச் சிப்பாயின் காலில் விழுந்தாவது ஒயர்மேனைக் கூட்டிவந்திருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? நரம்பு இழுத்திருக்கும் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் என் கிழிந்த வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கடப்பாரையில் கொடிக்கம்பி முடிச்சுப் போட்ட இடத்தில், கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே நாலு சுற்றுச் சுற்றினேன். துணி கரண்டைத் தடுக்கும் என்று ஒரு கணக்கு. அதன்பின் நான் தண்ணீர் ஊற்றும்போது இரண்டடி தள்ளி நின்று வீசி ஊற்றினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் விளக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் "நீங்க சொன்னதுதான் சரி" போய்விடும். இதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமாக முயன்றிருக்கிறேன். கிடைக்கவில்லை.

யாராவது கேட்டால் இப்போதெல்லாம் சொல்வேன்: பல்பு மாற்று, பியூஸ் போனால் மெயினை அணைத்துவிட்டு அதே கனமுள்ள கம்பியைக் கட்டு, அதற்குமேல் உனக்கு வேலை இல்லை. ஒரு புதுக் கம்பி சுவரைத் தாண்ட வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிடு. உடம்பில் ஒரு சின்னச் சுருக்கென்று பட்டாலும் அந்த நிமிஷமே கூப்பிடு. எரிகிற விளக்கு சரியான விளக்கு என்று நினைக்காதே. ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு இதைச் சொல்லும் உரிமையாவது இருக்கட்டும்.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அப்போது அது ஒரு வேடிக்கையாகப் பட்டது. மத்தியானம் வேலை முடிந்து வந்தால் தங்கை குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, அலசிய குழந்தைத் துணிகளை அந்தத் தனிக்கொடியில் காயப்போடக் கொல்லைக்குப் போவாள். நான் பின்னறைப் பாயில் உட்கார்ந்திருப்பேன். தலைக்குமேல் பல்பு அழுது வடியும். திடீரென்று ஒரு கணம் வெளிச்சம் தூக்கும். உடனே இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கும். குழந்தை அதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். "பாத்தியா, மாமனைப் பாத்து லைட்டு சிரிக்குது" என்று நான் கொஞ்சுவேன். துணி சுற்றியதில் ஏதோ சரியாகி வருகிறது, மெல்ல மெல்லப் பழையபடி எரியும் என்று நம்பினேன். மூன்று நாள் அப்படி நடந்தது. மூன்று நாளும் தங்கை உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"இன்னா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒன்னுமில்லண்ணா. பச்ச ஒடம்புதானே, கையெல்லாம் வலிச்சுப் போவுது."

அம்மா அவளுக்கு இஞ்சிச் சாறு கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மணி கேட்டது. வாசலில் ஒயர்மேன் நின்றார். எனக்கு இரண்டு மூன்று வயது இளையவர். என் மனைவி எனக்குத் தெரியாமல், ஆவடிக்குப் பால் கொண்டுபோகிறவரிடம் நாலு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தலைக்கு ஏறியது.

"யாரு ஒன்ன ஆள் அனுப்பச் சொன்னது?" என்று அவளைக் கேட்டேன்.

"நான்தான் அனுப்பினேன். நீங்க ஒரு வாரமா சோறு திங்கல. வெளக்கு மங்கிக்கினே போவுது. நீங்க அந்தப் பக்கம் போயிட்டு வந்தாலே மூஞ்சி வெளுத்துப் போவுது. எனுக்குக் கண்ணு இல்லயா?" என்றாள்.

ஒயர்மேன் எங்கள் சண்டையில் தலையிடவில்லை. பின்னறைக்குள் போய்ப் பல்பைப் பார்த்தார். கம்பியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போய்க் கூடத்துப் பலகைவரை பார்த்துவிட்டு வந்தார்.

"வர்ற கம்பி தெரியுது அண்ணாத்தே. போற கம்பி எங்க கீது?"

"பூமிக்கு" என்றேன். தந்தி விஷயத்தை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடித்ததும் கொல்லைக் கதவைத் திறந்தார்.

தங்கை அங்கே இருந்தாள். இடுப்பில் வாளி, கையில் பிழிந்த துணி. கொடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, அங்கயே நில்லு. அந்தக் கம்பிய தொடாத" என்றார் ஒயர்மேன். சத்தம் போடவில்லை. ஆனால் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமான இடத்தில் கால் வைத்து, கொடிக்கம்பியைப் புறங்கையால் லேசாகத் தட்டினார். பழைய ஒயர்மேன்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிக் கம்பியையே பிடித்துக்கொள்ளும். தட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்னொரு தடவை தட்டினார்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஒரு கண் கொல்லையில், ஒரு கண் பின்னறையில். அவர் கை கம்பியில் பட்ட அந்த இரண்டு தடவையும் உள்ளே பல்பு ஒரு கணம் பிரகாசமாக எரிந்து தணிந்தது.

மூன்று நாள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் கொஞ்சிய வெளிச்சம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ந்த மண்ணில் இறங்க முடியாத கரண்ட், என் தங்கையின் உடம்பு வழியாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு துணிக்கும் ஒரு தடவை. அவள் உதறிய நேரத்துக்கு மட்டும் விளக்கு நன்றாக எரிந்திருக்கிறது.

ஒயர்மேன் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார். "தந்தி வேற, இது வேற அண்ணாத்தே" என்றார். "அங்க ஜாடியில கீற கரண்டு. இது மிஷினு ஓட்ற கரண்டு. மண்ணு ஈரமா கீறவரைக்கும் பூமி இழுத்துக்கும். காஞ்சுட்டா கடப்பாரயிலேயே ஏறி நிக்கும். யாரு தொட்றாங்களோ அவங்க மேல போவும். பட்டாளத்துக் கொட்டாயில இதே மாதிரி ஒருத்தன் இழுத்தான். அவன நாங்க தூக்கிகினு வந்தோம்."

பிறகு கடப்பாரையில் சுற்றியிருந்த துணியைக் கவனித்தார். அவிழ்த்து எடுத்தார். ஈரத் துணிகளிலிருந்து ஒழுகி அதுவும் நனைந்து இறுகியிருந்தது.

"இத யாரு சுத்துனது?"

கொல்லையில் எல்லாரும் இருந்தோம். அம்மா, என் மனைவி, தங்கை, நான். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். என் மனைவி அந்தத் துணியைப் பார்த்தாள். கரை போட்ட வேட்டி. துவைக்கிறவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே போய்விட்டாள். ஒயர்மேன் துணியைக் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

கம்பியை முழுக்கக் கழற்றி, பலகையில் அதன் முனையை மூடிக் கட்டினார். பட்டாள வேலையில் கழிவாக விழும் இரட்டைக் கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்து சரியாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் சிம்னிதான். போகும்போது என் தோளைத் தட்டி, "எரிஞ்சா போதும்னு நெனச்சிட்டீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா சும்மா இருக்கவில்லை. "இன்னா இருந்தாலும் அந்த லைட்டு இல்லன்னா கொழந்த ஏது?" என்று எனக்காக வாதாடினாள். அது பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் குழப்பியது.

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வெயிலில் உட்கார்ந்தாள். மடியில் படுக்கவைத்துத் துணியை அவிழ்த்தாள். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். கால் விரல், உள்ளங்கால், காதுமடல். திருப்பிப் போட்டு முதுகைத் தடவினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா பாக்கற?"

"மொத நாளு இவன தோள்ல போட்டுகினே ஒரு துணி காயப்போட்டேண்ணா. தூக்கிவாரிப் போட்டுது அவனுக்கு. அழக்கூட இல்ல. கொழந்தைங்களுக்கு அப்டித்தான் தூக்கிப்போடும்னு நெனச்சேன். அப்பாலதான் உன்னாண்ட குடுத்துட்டுப் போனேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு காலை உதைத்தது. ஓர் உதை, இன்னோர் உதை. அவள் அதன் ஒவ்வோர் உதையையும் பார்த்தாள். கடைசியில் துணியைச் சுற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

கோபமாகக் கேட்கவில்லை. இங்கே இருட்டாக இருக்கிறதே என்று சொன்ன அதே குரல். அவள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. என் முழங்கையில் அது இன்னும் சுள்ளென்று இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"உனுக்கு எப்டித் தெரியும்" என்றாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, வாளியில் மிச்சமிருந்த துணிகளை அலச எழுந்து போனாள்.